எக்ஸ்-ட்ரெயிலா, அவுட்லேண்டரா? கொழும்பில் ஜீப் வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் ஓடிவிட்டு வந்த ஹைபிரிட் ஜீப் ஒன்றைத் தேடி இக்மன், ரியசெவன போன்ற இணைய விளம்பரத் தளங்களில் இறங்கினால், கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒன்று நிசான் எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட், மற்றது மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிஎச்இவி, அதாவது பிளக்கில் சார்ஜ் போடக்கூடிய ஹைபிரிட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படும் முன் வந்து இறங்கியவை இவை. நீளம் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டிலும் ஐந்து இருக்கை, பெரும்பாலும் இரண்டு லீற்றர் என்ஜின். எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் பொறிமுறை வேறு, மாதச் செலவு வேறு, பழுது வந்தால் வரும் தலைவலியும் வேறு.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எப்படிப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் ஹொண்டா சிஆர்-வியோ கியா ஸ்போர்டேஜோ இருந்தாலும் பார்க்கும் வரிசை இதுதான். என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது நல்ல ஜீப் என்று ஊரெல்லாம் விசாரிப்பதற்கு முன், அந்த ஜீப் இரவில் எங்கே நிற்கப்போகிறது, அந்த இடத்துக்கு உங்கள் மீற்றரில் இருந்து ஒரு பிளக் வருமா என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

படி 1: உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, வழக்கமான ஒரு மாதத்தில் வாகனம் எங்கெல்லாம் போகிறது என்று எழுதுங்கள். வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு அலுவலகம், பிள்ளையை ஸ்கூலில் விடுவது, மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை கோயில். இதெல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 20, 30 கிலோமீற்றருக்குள்தான் வரும். அப்புறம் ஆண்டுக்குச் சில தடவை யாழ்ப்பாணம். போக மட்டும் சுமார் 400 கிலோமீற்றர். இடையில் நுவரெலியா, திருகோணமலை.

மனதில் நிற்பதென்னவோ யாழ்ப்பாணப் பயணம்தான். வாகனம் வாங்கும்போது யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியை நினைத்துக்கொண்டே வாங்குகிறோம். ஆனால் வாகனத்தின் ஆயுளில் பெரும்பகுதி கழிவது காலி வீதியில் முதல் கியர் வேகத்தில், ஏசியைப் போட்டபடி. இரண்டு ஓட்டத்துக்கும் தனித்தனியாகக் கிலோமீற்றரைக் குறித்து வையுங்கள். நான்காவது படியில் அந்த எண்கள் தேவைப்படும்.

படி 2: அளவு நாடாவோடு கீழே இறங்குங்கள்

எக்ஸ்-ட்ரெயில் 2017 ஜூனில் முகம் மாற்றப்பட்டது. அதற்குப் பிந்தியவற்றின் நீளம் 4,690 மில்லிமீற்றர், அகலம் 1,820. 2015இல் மாற்றம் பெற்ற அவுட்லேண்டர் 4,695க்கு 1,800. அகலக் கணக்கில் பக்கக் கண்ணாடிகள் சேராது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி தொடர்மாடிகளின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்தியவர்களுக்குத் தெரியும், அங்கே பிரச்சினை செய்வது நீளம் இல்லை, தூண்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து, அதில் வாகனத்தின் அகலத்தைக் கழித்து, மிச்சத்தில் ஒரு கதவைத் திறந்து ஆள் இறங்க முடியுமா என்று பாருங்கள். ஓட்டுநர் இறங்கிவிடலாம். பின்னால் இருக்கும் அம்மா இறங்க முடியுமா?

காகிதத்தில் சின்னதாகத் தெரிந்தாலும் கீழ்த்தளத்தில் பெரிதாகிவிடும் வித்தியாசம் ஒன்று உண்டு. அவுட்லேண்டரின் திரும்பு ஆரம் 5.3 மீற்றர், எக்ஸ்-ட்ரெயிலுக்கு 5.6. ஒரே வெட்டில் உள்ளே போய்விடுகிறீர்களா, ஒரு தடவை பின்னால் எடுத்துத் திரும்பவும் போகிறீர்களா என்பதைத் தீர்மானிப்பது இந்த 30 சென்ரிமீற்றர்தான்.

உங்கள் தொடர்மாடியில் கார்களை மேலும் கீழும் அடுக்கும் லிஃப்ட் இருந்தால், அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். உயரத்துக்கும் நிறைக்கும் வரம்பு எழுதியிருக்கும். இரண்டு ஜீப்பும் 1,700 மில்லிமீற்றர் உயரத்துக்குக் கிட்ட வருபவை. அவுட்லேண்டர் பற்றரியையும் சுமப்பதால் 1,800 கிலோவைத் தாண்டும். கார்களுக்கென்று செய்த எல்லா லிஃப்டும் இதைத் தூக்கும் என்று சொல்ல முடியாது. காவலாளி "போகும் சேர்" என்று சொன்னால் மட்டும் போதாது, தகடு சொல்ல வேண்டும்.

படி 3: பொறிமுறையைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இதற்குப் பின் வருவதெல்லாம் இதில்தான் தொங்குகிறது.

எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட் 2015இல் ஜப்பானில் வந்தது. 1,997 சிசி பெற்றோல் என்ஜின், அதோடு 30 கிலோவாட் மின்மோட்டர் ஒன்று, படிப்படியான கியர் இல்லாத சிவிடி கியர்பெட்டி. மோட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கிளட்ச். என்ஜினை மோட்டரோடு சேர்க்கவும் கழற்றிவிடவும் முன்னது, இழுவையைச் சக்கரப் பக்கம் அனுப்பப் பின்னது. லித்தியம் பற்றரி சிறியது, பின்னால் சாமான் வைக்கும் தளத்துக்குக் கீழே இருக்கிறது. இதைப் பிளக்கில் போட முடியாது. பிரேக் பிடிக்கும்போதும் என்ஜின் ஓடும்போதும் தானாக ஏறும், தானாக இறங்கும். நீங்கள் செய்ய வேண்டியது பெற்றோல் அடிப்பது மட்டும்.

அவுட்லேண்டர் பிஎச்இவி 2013இன் தொடக்கத்தில் வந்தது. இதில் கியர்பெட்டி என்று வழக்கமான ஒன்று கிடையாது. முன் சக்கரங்களுக்கு ஒரு மோட்டர், பின் சக்கரங்களுக்கு ஒரு மோட்டர், இரண்டும் 60 கிலோவாட். தரைக்கடியில் 12 கிலோவாட்-மணி பற்றரி. பிளக்கில் போட்டுச் சார்ஜ் ஏற்றி, நகருக்குள் பெற்றோலே இல்லாமல் ஓடலாம். பற்றரி இறங்கினால் 1,998 சிசி என்ஜின் எழுந்து மின்சாரம் உண்டாக்கும். அதிவேகப் பாதையில், மணிக்கு 65, 70 கிலோமீற்றருக்கு மேல் போகும்போது, என்ஜின் நேராகவே சக்கரத்தைச் சுழற்றும். 2018இல் வந்த மாற்றத்தில் என்ஜின் 2,359 சிசி ஆனது, பற்றரி 13.8 கிலோவாட்-மணி, பின் மோட்டர் 70 கிலோவாட்.

விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் எது எது என்று செஸி இலக்கத்தில் தெரிந்துவிடும். எச்டி32 என்று தொடங்கினால் முன்சக்கர இழுவை எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட், எச்என்டி32 என்றால் நான்கு சக்கர இழுவை. எச் இல்லாமல் டி32, என்டி32 என்றிருந்தால் அது வெறும் பெற்றோல் வண்டி, பின்னால் என்ன பட்ஜ் ஒட்டியிருந்தாலும் சரி. அவுட்லேண்டரில் ஜிஜி2டபிள்யூ என்பது இரண்டு லீற்றர், ஜிஜி3டபிள்யூ என்பது 2.4.

ஏழு இருக்கை வேண்டுமென்றால் இந்த இரண்டையும் இப்போதே விட்டுவிடுங்கள். எக்ஸ்-ட்ரெயிலில் மூன்றாவது வரிசை பெற்றோல் வண்டிக்கு மட்டும்தான் வந்தது. இந்தத் தலைமுறை அவுட்லேண்டர் பிஎச்இவியிலும் பின் மோட்டரும் அதன் கருவிகளும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன.

படி 4: பெற்றோலையும் கரண்டையும் ஒரே தாளில் போடுங்கள்

அவுட்லேண்டரைப் பற்றிப் பேசும்போது "சார்ஜ் போட்டால் செலவே இல்லை" என்று யாராவது சொல்வார்கள். அவர் வீட்டுக் கூரையில் சோலர் இருந்தால் அவர் சொல்வது சரிதான். உங்கள் கூரை இன்னொருவருடைய தரையாக இருக்கும் தொடர்மாடியில் கணக்கு வேறு.

ஜப்பானிய பரிசோதனை முறையில் இரண்டு லீற்றர் அவுட்லேண்டர் ஒரு சார்ஜில் 60.2 கிலோமீற்றர் ஓடும் என்று அறிவித்தார்கள். அது ஆய்வுகூடத்து எண். கொழும்பு வெயிலில், ஏசியோடு, சில ஆண்டு ஓடிய பற்றரியில் 30, 35 கிலோமீற்றர் கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சார்ஜுக்கு சுவரில் இருந்து 10 யூனிட் சுற்றளவில் இழுக்கும்.

இப்போது உங்கள் கடைசி கரண்ட் பில்லை எடுங்கள். வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. 60 யூனிட், 90, 120, 180 என்று ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் கூடும். 180க்கு மேல் போனால் மேல்படி. மாதத்தில் 22 வேலைநாள் சார்ஜ் போட்டால் 220 யூனிட் கூடும். ஏற்கெனவே 120 யூனிட் எரிக்கும் வீடு 340க்குப் போகும். ஆக, வாகனத்துக்குப் போகும் கரண்டில் பெரும்பகுதிக்கு நீங்கள் கொடுப்பது மேல்படி விலை.

உதாரணத்துக்கு மேல்படி யூனிட் 75 ரூபாய், பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வைப்போம். (விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) அவுட்லேண்டர் 33 கிலோமீற்றருக்கு 10 யூனிட், 750 ரூபாய். எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட்டின் அறிவிக்கப்பட்ட எண் லீற்றருக்கு 20.6 கிலோமீற்றர். அதையும் ஆய்வுகூடத்தோடு விட்டுவிட்டு, நெரிசலில் 11 என்று எடுத்தால் அதே 33 கிலோமீற்றருக்கு 3 லீற்றர், 900 ரூபாய். வித்தியாசம் 150 ரூபாய். ஜீப்பின் விலையில் சில இலட்சம் கூடக் கொடுத்து வாங்கினால், இந்த 150 ரூபாய்களை எத்தனை ஆண்டு சேர்த்து அதை ஈடுகட்டுவது?

கணக்கு அவுட்லேண்டருக்குச் சாதகமாகத் திரும்பும் வழிகளும் உண்டு. நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறினால் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை யூனிட் மலிவு. ஆனால் மாலை 6.30 முதல் 10.30 வரை விலை ஏறும், அந்த நேரத்தில்தான் வீட்டில் ஏசியும் அயர்ன் பெட்டியும் ஓடும். தனி வீடு, கூரையில் சோலர் என்றால் பேச்சே இல்லை, அவுட்லேண்டர்தான். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றவர்களும், பிறகு கியூஆர் கோட்டுக்கு வாரக் கோட்டா வாங்கியவர்களும், பணக் கணக்கைத் தாண்டி ஒரு நிம்மதிக்காகவும் பிளக் உள்ள வாகனத்தைத் தேடுகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு என்று தெரிந்து கொடுத்தால் சரி.

பிளக் விஷயத்துக்கு வருவோம். இந்த அவுட்லேண்டர் 200 வோல்ட்டில் 15 அம்பியர் இழுத்து நான்கு மணி நேரம் போல் சார்ஜ் ஆகும். சாதாரண 13 அம்பியர் சதுர பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் வயரில், நான்கு மணி நேரம் இந்தச் சுமையைக் கொடுக்கக் கூடாது. பிளக் உருகும். மீற்றரில் இருந்து தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் வேண்டும். தொடர்மாடியில் கீழ்த்தளத்து விளக்குகள் பொது மீற்றரில் ஓடுபவை, அதிலிருந்து இழுக்க நிர்வாகக் குழு விடாது, விடவும் கூடாது. உங்கள் மீற்றரில் இருந்து கீழே வரை வயர் இழுக்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல் அடுத்த கமிட்டி வரும்வரைதான். ஜீப்புக்கு முற்பணம் கொடுக்கும் முன் அந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

அனுமதி கிடைக்கவில்லையா? அவுட்லேண்டரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். சார்ஜே போடாமல் ஓட்டினால், பெரிய பற்றரியைச் சும்மா சுமந்துகொண்டு பெற்றோலில் மின்சாரம் காய்ச்சும் வண்டி அது.

படி 5: வீட்டாரை ஏற்றிப் பாருங்கள்

இதற்கு நிறைய எழுதத் தேவையில்லை. முழங்கால் வலி உள்ளவரைப் பின் இருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள், சேலையோடு. பிள்ளையின் இருக்கையைப் பொருத்திப் பாருங்கள். இரண்டு பெரிய சூட்கேஸை வைத்துப் பின்கதவை மூடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து திரும்பும்போது அரிசி மூடையும் பனங்கிழங்கும் ஒடியல்மாவும் கூடவே வரும், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-ட்ரெயிலில் தண்ணீர் ஊறாத இருக்கைத் துணி வருகிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மைலோ ஊற்றிய பின்தான் தெரியும்.

பின் தளத்தையும் தூக்கிப் பாருங்கள். அவுட்லேண்டர் பிஎச்இவியில் ஸ்பெயார் வீல் இல்லை, பஞ்சர் ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான். எக்ஸ்-ட்ரெயிலில் என்ன இருக்கிறது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டியிலேயே பாருங்கள். ஏ9இல், இரவில், மதவாச்சிக்கும் வவுனியாவுக்கும் நடுவில் டயர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது.

இன்னொன்று. இரண்டிலும் ரேடியோ ஜப்பானியது. அங்கே எஃப்எம் அலைவரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90, 95க்குள் முடிந்துவிடும். சூரியன் எஃப்எம்மும் சக்தி எஃப்எம்மும் அதற்கு மேலே இருப்பவை, அலைவரிசையை மாற்றித் தரும் பேண்ட் எக்ஸ்பாண்டர் போடாமல் பிடிக்காது. அவுட்லேண்டரில் சில தரங்களில் வரும் 1,500 வாட் மின்சார சொக்கெட் 100 வோல்ட். கரண்ட் போனால் வீட்டு மிக்ஸியை அதில் போடலாம் என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

படி 6: குறிப்பிட்ட வண்டியைப் பார்க்கப் போகும்போது

இதுவரை மொடலை ஒப்பிட்டோம். இனி வண்டியை. நல்லபடி வைத்திருந்த எக்ஸ்-ட்ரெயில், அடிபட்ட அவுட்லேண்டரை விட நல்லது. மறுபக்கமும் அப்படியே. இரண்டு மொடலிலும் குறைந்தது இரண்டிரண்டு வண்டியாவது பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

காலையில் போங்கள். என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள். தெஹிவளையில் ஒரு வீட்டுக்கு எக்ஸ்-ட்ரெயில் பார்க்கப் போனபோது, வண்டி ஏசியோடும் பாட்டோடும் தயாராக நின்றது. எங்களோடு வந்த மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் உள்ளங்கையைப் பொனட்டில் வைத்தார்.

"காலமை எங்கையும் போனனீங்களோ தம்பி?"

"இல்லை அண்ணை, இரவு முழுக்க இங்கைதான் நிண்டது."

"அப்ப பாட்டை நிப்பாட்டுங்கோ. என்ஜின் பாடுறதைக் கேப்பம்."

பொனட் சுட்டுக்கொண்டிருந்தது. அந்த வண்டியில் பிறகு எதையும் பார்க்கத் தேவைப்படவில்லை.

அவுட்லேண்டரில் இந்த ஏமாற்று இன்னும் இலகு. முழுச் சார்ஜோடு கொடுப்பார்கள். நீங்கள் பத்து கிலோமீற்றர் ஓட்டுவீர்கள், என்ஜின் ஒரு தடவைகூட எழும்பாது. "எவ்வளவு அமைதி பாருங்கோ" என்பார்கள். பற்றரி கொஞ்சம் இறங்கியதும் கியர் நெம்புகோலுக்குப் பக்கத்தில் இருக்கும் சார்ஜ் பொத்தானை அமத்துங்கள். என்ஜின் எழுந்து பற்றரியை ஏற்றத் தொடங்கும். அப்போது சத்தம், புகை, அதிர்வு எல்லாவற்றையும் பார்க்கலாம்.

பற்றரியின் நிலையை டாஷ்போர்டில் தெரியும் கிலோமீற்றரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். கணினிப் பரிசோதனைக்கான ஓபிடி சொக்கெட்டில் புளூடூத் ரீடரைச் செருகி, பிஎச்இவி வாட்ச்டோக் என்ற ஆண்ட்ராய்டு செயலியில் பார்த்தால் பற்றரியின் கொள்ளளவு அம்பியர்-மணியில் வரும். 12 கிலோவாட்-மணி பற்றரிக்குப் புதிதில் 38 சுற்றளவில் இருக்கும். இப்போது உள்ள எண்ணை 38ஆல் வகுத்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். விற்பவர் ரீடர் செருக விடமாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

எக்ஸ்-ட்ரெயிலில் பார்க்க வேண்டியது சிவிடி. ஒயில் எப்போது மாற்றியது, எந்த ஒயில் ஊற்றியது என்று பில்லோடு கேளுங்கள். நிசானுக்குரிய என்எஸ்-3 தரத்துக்குப் பதிலாக "எல்லாத்துக்கும் போடுற ஒயில்" ஊற்றிய வண்டி வேண்டாம். நின்று நின்று போகும்போது, மோட்டரில் இருந்து என்ஜினுக்கு மாறும் கணத்தில், உதறலோ முட்டலோ வருகிறதா என்று காலால் உணருங்கள். மெல்லிய மாற்றம் தெரிவது இயல்பு. தலை ஆடினால் இயல்பு இல்லை.

ஒக்ஷன் ஷீட்டை, அதாவது ஜப்பானிய ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதிய தாளைக் கேளுங்கள், ஆனால் விற்பவர் நீட்டும் பிரதியை அப்படியே நம்பாதீர்கள். செஸி இலக்கத்தைக் கொடுத்து ஜப்பானிய ஏல விபரத்தை எடுத்துத் தரும் சேவைகள் இருக்கின்றன, சிறிய கட்டணம்தான். ஷீட்டில் 4, 4.5 என்றால் நல்ல தரம். ஆர், ஆர்ஏ என்றால் விபத்துக்குப் பின் திருத்தப்பட்டது. வண்டியின் படத்தில் ஏ1 என்பது சிறு கீறல், யு என்பது நெளிவு, டபிள்யூ என்பது திருத்திய அடையாளம், எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகமே மாற்றப்பட்டது. அங்கே ஏலத்தில் விழுந்த அன்று எத்தனை கிலோமீற்றர் ஓடியிருந்தது என்பதும் அதில் இருக்கும். இங்கே மீற்றரில் அதைவிடக் குறைவாக இருந்தால் மேலே சொல்ல ஒன்றுமில்லை. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. 30,000 கிலோமீற்றர்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் டயர் ஏற்கெனவே மாறியிருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

கொழும்புக்கென்று தனியாக ஒன்று உண்டு, வெள்ளம். களனி கங்கை 2016 மே மாதத்தில் கரை தாண்டி கொலன்னாவை, கடுவளைப் பக்கமெல்லாம் வாகனங்கள் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மறுபடியும். வெள்ளத்தில் நின்ற வண்டி கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுற்றியிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அழியாது. இருக்கையின் தண்டவாளத்தில் துரு, விரிப்புக்கு அடியில் மணல், ஏசி போட்டதும் பூஞ்சண வாடை. ஹைபிரிட்டில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். எக்ஸ்-ட்ரெயிலின் பற்றரி பின் தளத்துக்குக் கீழே, அவுட்லேண்டரின் பற்றரி தரைக்கடியில். தண்ணீர் முதலில் வரும் இடமும் அதுதான்.

படி 7: உங்கள் வீதியில் ஓட்டிப் பாருங்கள்

விற்பவர் காட்டும் நல்ல வீதியில் ஓட்டி ஒன்றும் தெரியாது. இரண்டு வண்டியையும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், முடிந்தால் அடுத்தடுத்த நாளில் ஓட்டுங்கள். உங்கள் ஒழுங்கையில் இருந்து காலி வீதிக்கு ஏறி, நெரிசலில் கொஞ்சம் போய், மரைன் டிரைவில் வந்து, தொடர்மாடியின் கீழ்த்தளச் சரிவில் இறங்கி ஏறுங்கள். சரிவில் பாதியில் நிறுத்தி மறுபடி எடுங்கள். அவுட்லேண்டர் அங்கே சத்தமில்லாமல் ஏறிவிடும், அதன் சுகமே அதுதான். எக்ஸ்-ட்ரெயிலின் சிவிடிக்கு அது ஒரு நல்ல பரீட்சை.

பிறகு அதிவேகப் பாதையில் ஒரு துண்டு, கொட்டாவையில் ஏறி அடுத்த வெளியேற்றம் வரை போதும். 100இல் ஸ்டியரிங் ஆடுகிறதா, காற்றுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நீண்ட ஓட்டத்தில் எக்ஸ்-ட்ரெயில்தான் எனக்குப் பிடிக்கிறது. பெற்றோல் தாங்கி 60 லீற்றர், அவுட்லேண்டரில் 45. யாழ்ப்பாணம் போய்ச் சேர இரண்டிலும் ஒரு தாங்கி போதும். திரும்பி வரும் வழியில் எங்கே நிறுத்துவது என்பதில்தான் வித்தியாசம்.

படி 8: பாகங்களை இப்போதே விசாரியுங்கள்

வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு முற்பகல் நடந்தால் இணையத்தில் ஒரு வாரம் தேடுவதைவிட அதிகம் தெரியும். முன் பம்பர், ஹெட் லைட், பக்கக் கண்ணாடி, பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ். இந்த ஐந்துக்கும் இரண்டு மொடலுக்கும் விலை கேட்டு எழுதுங்கள். முகம் மாறியதற்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்லித்தான் கேட்க வேண்டும், ஹெட் லைட் ஒன்றுக்கொன்று பொருந்தாது. டயர் அளவையும் விசாரியுங்கள். எக்ஸ்-ட்ரெயிலில் 225/65 ஆர்17 பரவலாகக் கிடைப்பது. அவுட்லேண்டரின் 225/55 ஆர்18 சற்று விலை கூடும்.

நிசானுக்கு ஏஎம்டபிள்யூ, மிட்சுபிஷிக்கு யுனைட்டட் மோட்டர்ஸ் என்று இங்கே முகவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் ஓடிவிட்டு வந்த ரீகண்டிஷன் வண்டிக்கு அவர்களிடம் கணினிப் பரிசோதனைக்கு என்ன எடுப்பார்கள், பெரிய பற்றரி மாற்றினால் என்ன வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஹைபிரிட் வேலை தெரிந்த தனியார் கராஜ் உங்கள் பக்கத்தில் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உயர் மின்னழுத்த வயரில் கைவைக்கத் தெரியாதவரிடம் விடக்கூடாத வாகனங்கள் இவை.

படி 9: தாள்கள்

சிஆர் புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) பெயர் யாருடையது, அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்று லீசிங் கம்பனி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கடன் முடிந்த கடிதம் வராமல் பணம் கொடுக்க வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைப் போட்டு விபரத்தை ஒப்பிடலாம். செஸி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் வண்டியில் நேரே பார்த்து வாசியுங்கள்.

பெயர் மாற்றத்துக்கான எம்டிஏ 6, எம்டிஏ 8 படிவங்களில் விற்பவருக்குரிய கையெழுத்தை அவர் உங்கள் கண்முன்னே இட வேண்டும். "ஓப்பன் பேப்பர்" என்று யாரோ முன்பு கையெழுத்து வைத்த படிவத்தைக் கையில் திணித்தால், அந்த வண்டி எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. பெயர் மாற்றத்தை இழுத்தடிக்காதீர்கள்.

லீசிங் எடுப்பதென்றால், வாகனப் பெறுமதியில் எத்தனை வீதம் வரை கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு வைத்து, அதை அவ்வப்போது மாற்றுகிறது. வண்டியைப் பார்க்கப் போகும் முன் அன்றைய நிலையைக் கேளுங்கள், இல்லாவிட்டால் முற்பணம் எவ்வளவு என்பதில் அதிர்ச்சி வரும். முழுக் காப்புறுதிக்கு இரண்டு வண்டிக்கும் இரண்டு இடத்தில் விலை எடுங்கள். வெள்ளத்தில் ஹைபிரிட் பற்றரி பழுதானால் கொடுப்பார்களா என்ற கேள்விக்குப் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

படி 10: விலை பேசுவது

2020 முதல் 2025 வரை இறக்குமதி மூடியிருந்ததால் பழைய வண்டிக்குப் புது வண்டி விலை கேட்டுப் பழகிவிட்டார்கள். 2025 பெப்ரவரியில் கதவு திறந்தது. விற்பவர்கள் பலர் மனதில் இன்னும் இறக்குமதி மூடியிருந்த காலத்து விலைதான். இப்போது புதிதாக இறக்கினால், புதிய தலைமுறை எக்ஸ்-ட்ரெயில் இ-பவர் என்ன விலைக்கு வருகிறது, 2.4 லீற்றர் புதிய அவுட்லேண்டர் என்ன விலைக்கு வருகிறது என்று ஒரு தடவை பார்த்து வையுங்கள். வாங்காவிட்டாலும் பேரம் பேச அது உதவும்.

பார்த்த நான்கு வண்டிகளுக்கும் உடனே செலவழிக்க வேண்டியவற்றை எழுதுங்கள். டயர், பிரேக், சிவிடி ஒயில், சார்ஜ் வயரிங். அந்தத் தொகையைக் கேட்கும் விலையோடு கூட்டி, நான்கையும் அந்தக் கூட்டுத்தொகையில் ஒப்பிடுங்கள். என் கணக்கில் தொடர்மாடியில் இருப்பவருக்கு, சிவிடி ஒயில் பில் உள்ள, 2017 முகமாற்றத்துக்குப் பிந்திய எச்டி32 எக்ஸ்-ட்ரெயில்தான். தனி வீடும் சோலரும் உள்ளவருக்கு, பற்றரி 38இல் 32க்கு மேல் காட்டும் ஜிஜி2டபிள்யூ அவுட்லேண்டர். விலை பேசி முடிந்ததும் முற்பணத்துக்கு ரசீது எழுதி, "மெக்கானிக் பரிசோதனையில் குறை கண்டால் திருப்பித் தரப்படும்" என்ற வரியை அதில் சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள்.